மாப்பிள்ளையின் கிராஃபிக்ஸ் கார்டு வெந்த விதம்

அன்பும் மரியாதையும் மிக்க மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் மாமனார் எழுதிக்கொள்வது. இங்கே நான், உங்கள் அத்தை, சின்னவள், ரொட்டி மாஸ்டர், பெரிய ஓவன் எல்லோரும் சௌக்கியம். அங்கே நீங்களும் பெரியவளும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு, குளிருக்குத் தகுந்தபடி போர்த்திக்கொண்டு, சண்டை வந்தால் அன்றைக்கே முடித்துக்கொண்டு நன்றாக இருக்க வேண்டும். பெரியவளுக்குக் கோபம் வந்தால் அவள் பேச மாட்டாள், பாத்திரம்தான் பேசும். அதை வைத்துப் புரிந்துகொள்ளுங்கள். நிற்க. அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை நீங்கள் போனில், "மாமா, என் கம்ப்யூட்டர் எப்படி இருக்கு?" என்று கேட்டீர்கள். "நல்லா இருக்கு மாப்ள, ரெஸ்ட் எடுக்குது" என்று சொல்லிவிட்டு, அடுத்த கேள்வி வருவதற்குள் போனை உங்கள் அத்தையிடம் கொடுத்துவிட்டேன். அந்தப் பதிலில் ரெஸ்ட் எடுக்கிறது என்பது மட்டும் அன்றைய நிலவரப்படி உண்மை. இப்போது நல்லா இருக்கு என்பதும் உண்மையாகிவிட்டதால், நடந்ததை முழுதாகச் சொல்ல எனக்குத் தைரியம் வந்திருக்கிறது. போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போன் என்றால் நீங்கள் நடுநடுவே ஏதாவது கேட்பீர்கள். கடிதத்தில் அந்தத் தொந்தரவு இல்லை.

முதலில் உங்கள் மீது ஒரு தப்பும் இல்லை என்பதைச் சொல்லிவிடுகிறேன். வெளியூர் வேலைக்குப் புறப்படும் அவசரத்திலும் மாடியில் தெருப்பக்கத்து அறையில் மேஜை போட்டு, கம்ப்யூட்டரை அதன் மேல் வைத்து, நின்று நிதானமாகத்தான் சொன்னீர்கள். "மாமா, இதைச் சும்மா பூட்டி வைக்க வேண்டாம், சின்னவ படம் வரையட்டும். தூசி மட்டும் படாமப் பாத்துக்கோங்க. கீழ மாவு பறக்குற வீடு, அதுதான் எனக்குப் பயம்" என்றீர்கள். மாப்பிள்ளை ஒரு வார்த்தை சொன்னால் இந்த வீட்டில் அதற்கு அப்பீல் கிடையாது. அன்று சாயங்காலமே உங்கள் அத்தை மெத்தை உறைத் துணியில் உள்ளே பஞ்சு வைத்து, ஓரமெல்லாம் சுருக்கம் வைத்து, கம்ப்யூட்டர் பெட்டிக்கு அளவெடுத்து ஒரு சட்டை தைத்துவிட்டாள். பட்டனை அமுக்க முன்னால் ஒரு ஓட்டை, ஒயர்கள் வெளியே வரப் பின்னால் ஒரு ஓட்டை, அவ்வளவுதான். மற்றபடி எங்கேயும் காற்றுகூட நுழைய முடியாது. காற்றே நுழையாத இடத்தில் தூசி எப்படி நுழையும் என்று நான் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் காட்டிப் பெருமைப்பட்டேன். பெட்டிக்குள் காற்று போக வேண்டும் என்று நீங்கள் சொல்லவில்லை. குறை சொல்வதற்காக எழுதவில்லை, ஒரு தகவலுக்காக எழுதுகிறேன். சின்னவள் அதைப் பார்த்துவிட்டு, "என்னம்மா இது, கல்யாணப் பொண்ணு மாதிரி?" என்று சிரித்தாளே தவிர கழற்றவில்லை. அம்மா ஆசையாய்த் தைத்தது என்று விட்டுவிட்டாள். வேலை செய்யும்போது உள்ளே அது புஸ் புஸ்ஸென்று மூச்சு வாங்குவது எனக்குக் கீழே கடையில் கேட்கும். உழைக்கிறது, நல்ல ஜாதி மெஷின் என்று நினைத்துக்கொள்வேன்.

சின்னவள் விஷயம் உங்களுக்குத் தெரியும். குழந்தைகளுக்குப் பொம்மைப் படம் எடுக்கிற கம்பெனிக்கு முன்பு மனுப் போட்டு, அவர்கள் வேண்டாம் என்று சொல்லி, மறுபடி போட்டு, மறுபடி வேண்டாம் என்று சொன்னார்கள். இந்த முறை அவர்களே ஒரு சின்னப் படம் செய்து அனுப்பச் சொல்லி, வெள்ளிக்கிழமை சாயங்காலம் கடைசி என்று எழுதியிருந்தார்கள். அவள் செய்த படத்தின் பெயர் கொட்டாவி. அதிகாலையில் தொந்தியும் ஏப்ரனுமாக ஒரு ரொட்டிக்கடைக்காரர் கடையைத் திறந்து பெரிதாக ஒரு கொட்டாவி விடுகிறார். அந்தக் கொட்டாவி அவர் வாயிலிருந்து கிளம்பி தெருவில் இறங்கி, பால்காரரிடம் தொற்றி, அவரிடமிருந்து நாய்க்குப் போய், நாயிடமிருந்து பஸ் டிரைவருக்கு, டிரைவரிடமிருந்து பஸ்ஸில் உள்ள எல்லோருக்கும் என்று ஊரையே ஒரு சுற்றுச் சுற்றி, சாயங்காலம் களைத்துப்போய் ரொட்டிக்கடைக்கே திரும்பி வருகிறது. அந்தத் தொந்தியை நான் எங்கேயோ பார்த்திருக்கிறேனே என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். உங்கள் அத்தை ஒரு கண்ணாடியைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்த பிறகுதான் விளங்கியது. அது போகட்டும். "இந்தத் தடவையும் வேணாம்னுட்டா, நான் கடையிலயே கேக் மேல பேர் எழுதிக்கிட்டு உக்காந்துடறேன்பா" என்று சின்னவள் ஒருநாள் சொன்னாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள், ஆனால் அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. அவள் கையெழுத்துக்கு என் கேக்குகள் கொடுத்து வைத்திருக்க வேண்டும், அவள் கடையில் இருந்தால் எனக்கு லாபம்தான். ஆனால் தோற்றுப்போனவர்கள் வந்து உட்காருவதற்கு என் கடை என்ன ஜெயிலா?

இந்த நிலையில் அதற்கு முந்தின சனிக்கிழமை மத்தியானம் சின்னவள் மாடிப்படியில் இறங்கி வந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை. "அப்பா, போச்சு" என்றாள். என்னம்மா போச்சு என்றேன். "எல்லாம்" என்றாள். உங்கள் அத்தை யாரோ போய்விட்டார்கள் என்று நினைத்து, யார் என்று கேட்பதற்கு முன்பே கண்ணைத் துடைத்துக்கொள்ள ஆரம்பித்துவிட்டாள். மேலே ஓடிப் போய்ப் பார்த்தால் திரையில் கோடு கோடாக வந்து பிறகு ஒரேயடியாகக் கறுத்துக் கிடக்கிறது. பெட்டி மட்டும் உறுமுகிறது, நடுவில் பீப் பீப் என்று கத்துகிறது, நிறுத்திப் போட்டாலும் அதே உறுமல், அதே கத்தல், வெளிச்சம் மட்டும் இல்லை. சட்டையைக் கழற்றினோம். அனல் அடித்தது. உங்கள் அத்தை பெட்டியைத் தொட்டுப் பார்த்து, "அடப்பாவமே, உடம்பு கொதிக்குதுங்க" என்று சொல்லி ஈரத்துணி எடுக்கப் போய்விட்டாள். நான் ஓடிப் போய்க் கையைப் பிடித்துத் தடுத்தேன். கரண்டில் ஈரம் படக்கூடாது என்கிற அளவுக்கு எனக்கும் விஞ்ஞானம் தெரியும்.

பக்கத்துத் தெருவில் இருக்கிற கம்ப்யூட்டர் கடைக்காரரைக் கூட்டி வந்தேன். நம் கடை வாடிக்கையாளர், பன்னுக்குள் வெண்ணெய் தடவிக் கேட்பவர். அவர் பெட்டியைத் திறந்து சாய்த்தார், உள்ளேயிருந்து மேஜை மேல் மாவு கொட்டியது. மேஜையோடு ஒட்டியிருந்த அடிப்பக்கத்துக்குச் சட்டை தைக்க எங்களுக்குத் தோன்றவில்லை பாருங்கள். "சார், இதுக்குள்ள ஒரு பன்னுக்கு மாவு இருக்கு" என்றார். பிறகு அகலமாக, முதுகில் விசிறி வைத்த ஒரு பலகையை உருவி எடுத்து, "செத்தது இதுதான். கிராஃபிக்ஸ் கார்டு. படத்தைத் திரையில காட்டுறதே இதுதான். உங்க மருமகன் நல்ல உசத்தியான கார்டாத்தான் போட்டிருக்கார், நீங்க வேக வச்சிட்டீங்க" என்றார். சின்னவள் வரைந்ததெல்லாம் போய்விட்டதா என்று நான் கேட்டேன். "படமெல்லாம் பத்திரமா இருக்கு சார், அது வேற இடத்துல இருக்கு. காட்டத்தான் ஆளில்ல" என்றார். அவர் வாயில் சர்க்கரை போட வேண்டும் போலிருந்தது. கைக்கு வந்த பன்னைக் கொடுத்தேன். ஆனால் இதே மாதிரி கார்டு அவரிடம் இல்லை, வரவழைத்தால் வெள்ளிக்கிழமை தாண்டித்தான் வரும், தான் இதைக் கடைக்குக் கொண்டுபோய்ச் சோதித்துவிட்டுச் சொல்கிறேன் என்று எடுத்துப் போனார். நீங்கள் போன் செய்தது இதற்கு மறுநாள். இப்போது என் நிலைமை உங்களுக்குப் புரிந்திருக்கும்.

திங்கட்கிழமை கடைக்காரர் கார்டைத் திருப்பி அனுப்பிவிட்டு போனில் பேசினார். "சுத்தமா உயிரில்ல சார். சில பேரு இதை ஓவன்ல வச்சு சூடு பண்ணுவாங்க. உள்ள விரிசல் விட்ட ஈயம் இளகி ஒட்டிக்கும்னு ஒரு கணக்கு. எனக்கு அதுல நம்பிக்கை இல்ல, நீங்க அதெல்லாம் பண்ணாதீங்க, அதுக்குப் பதிலா..." என்று அவர் இன்னும் சொல்லிக்கொண்டே போனார். நான் போனை வைத்துவிட்டேன். மாப்பிள்ளை, நீங்களே சொல்லுங்கள். இத்தனை காலத்தில் எத்தனையோ பேர் எத்தனையோ கஷ்டத்தோடு என் கடை வாசலுக்கு வந்திருக்கிறார்கள். பையனுக்கு இடம் கிடைக்கவில்லை என்பார்கள், முழங்கால் வலி என்பார்கள், குழாயில் தண்ணீர் வரவில்லை என்பார்கள். ஒன்றுக்கும் எனக்கு வழி தெரியாது, ஒரு டீயும் பிஸ்கட்டும் கொடுத்து அனுப்புவேன். வாழ்நாளில் முதல் தடவையாக உலகம் என்னிடம் வந்து, உன்னிடம் ஓவன் இருக்கிறதா என்று கேட்கிறது. அந்த நேரத்தில் மேற்கொண்டு வியாக்கியானம் கேட்டுக்கொண்டு நிற்க முடியுமா?

நம் பின்கட்டில் ஒரு பழைய சின்ன ஓவன் இருக்கிறதல்லவா, அதில் விற்பனைச் சரக்கு எதையும் வைப்பதில்லை, உங்கள் அத்தை ஓட்டை விழுந்த அச்சுகளைப் போட்டு வைத்திருப்பாள். அதைக் காலி செய்தேன். செவ்வாய்க்கிழமை மத்தியானம், கடையில் ஆள் குறைந்த நேரம். சின்னவள் யாராவது தோழி வீட்டில் கம்ப்யூட்டர் இரவல் கிடைக்குமா என்று பார்க்க வெளியே போயிருந்தாள். போன் வீடியோவில் ஒரு வெளிநாட்டு ஆள் இதே காரியத்தைச் செய்து காட்டினார். அவர் பேசிய பாஷை புரியவில்லை, கை செய்தது புரிந்தது, கைத்தொழில்காரனுக்கு அது போதும். விசிறியையும் பிளாஸ்டிக்கையும் கழற்றி, ஸ்க்ரூக்களோடு ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டேன். வெறும் பலகையை ட்ரேயில் வைத்து மாஸ்டரைக் கூப்பிட்டேன். மாஸ்டர் சுபாவம் உங்களுக்குத் தெரியும், அவர் கையில் எதைக் கொடுத்தாலும் அவருக்கு அது மாவுதான். கார்டை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார், முதுகில் விரலால் தட்டிக் காதை வைத்துக் கேட்டார். "ரொம்பத் தட்டையா இருக்குதுங்களே, எழும்புமா?" என்றார். எழும்ப வேண்டியதில்லை, உயிர் வந்தால் போதும் என்றேன். "பொன்னிறமா எடுக்கவா, முறுகலா எடுக்கவா?" என்று கேட்டார். நான் வீடியோவில் இருந்ததைக் காட்டி, கொஞ்ச நேரம்தான், லேசான சூடுதான் என்றேன். "அப்ப மெல்லிசு பிஸ்கட் பதம்" என்று தலையாட்டினார். எனக்கும் நம்பிக்கை வந்தது. ஒரு பதம் என்று பேர் வைத்துவிட்டால் மாஸ்டர் தவற மாட்டார். நான் ஓவன் சூட்டைப் பார்க்க ஒரு நிமிஷம் திரும்பினேன். மறுபடி பார்த்தால் மனுஷன் பிரஷ்ஷை முட்டைக் கலவையில் தோய்த்து, கார்டின் ஒரு ஓரத்தில் நீளமாக ஒரு பூச்சுப் பூசிவிட்டிருக்கிறார். "என்ன மாஸ்டர் இது!" என்று அலறினேன். "இல்லன்னா நிறம் வராதுங்களே" என்றார் அவர். துடைத்த வரைக்கும் துடைத்தேன். மிச்சம் இடுக்குகளில் போய்விட்டது.

உள்ளே வைத்து மூடினோம். சன்னல் கதவெல்லாம் திறந்து விட்டேன், ஏனென்றால் ஒரு வாடை வந்தது. புதுச் செருப்புக் கடையும் ஆம்லெட்டும் கலந்தால் எப்படி இருக்கும், அப்படி. நடுவில் மாஸ்டர் வழக்கப்படி தண்ணீர் தெளிக்கும் குவளையை எடுத்தார், நான் அதைப் பிடுங்கி முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டேன். நேரம் ஆனதும் நெருப்பை அணைத்து, கதவைக் கொஞ்சம் திறந்து வைத்து, "உள்ளேயே ஆறட்டும், யாரும் தொடக்கூடாது" என்றேன். அதற்குள் பள்ளிக்கூடம் விட்டு முன்னால் கடையில் கூட்டம் சேர்ந்துவிட்டது. "மாஸ்டர், பாத்துக்கங்க" என்றேன். "நீங்க போங்க, நான் இருக்கேன்" என்றார். நான் கல்லாவுக்குப் போய்விட்டேன்.

மாடியில் உங்கள் அத்தை சும்மா இருந்தாளா என்றால், இல்லை. பெட்டி வாயைத் திறந்துகொண்டு கிடப்பதைப் பார்க்கச் சகிக்காமல், புதுப் பிரஷ் ஒன்றை எடுத்து உள்ளே இருந்த மாவையெல்லாம் மூலை முடுக்கு விடாமல் கூட்டி எடுத்து, பெட்டியின் பக்கத் தகட்டை வைத்து மூடி, வெளியே கிடந்த ஒயர்களை அததற்குப் பொருந்துகிற ஓட்டையில் சொருகிவிட்டிருந்தாள். அந்த நேரம் சின்னவள் வெறுங்கையோடு திரும்பி வந்து மேஜை முன்னால் தொப்பென்று உட்கார்ந்திருக்கிறாள். பழக்கதோஷத்தில் விரல் பட்டனை அமுக்கியிருக்கிறது.

அவள் போட்ட சத்தத்தில் நான் ஒரு கையில் இடுக்கியும் இன்னொரு கையில் யாரோ கேட்ட அரை ரொட்டியுமாக மாடிக்கு ஓடினேன். அந்த அரை ரொட்டிக்குச் சொந்தக்காரரும் பின்னாலேயே ஓடி வந்தார். அறையில் வெளிச்சம்! திரை முழுக்க என் தொந்தி, கொட்டாவி விட வாயைத் திறந்தபடி. சின்னவள் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "உன் ஓவன்பா! உன் ஓவன்தான்பா!" என்று அழுதாள், சிரித்தாள். என் கடைக்கு இதுவரை எத்தனையோ பேர் நல்ல பேர் கொடுத்திருக்கிறார்கள், அத்தனையும் அந்த ஒன்றுக்கு உறை போடக் காணாது. மாஸ்டர் கையைத் துடைத்துக்கொண்டே படியேறி வந்து எட்டிப் பார்த்தார். சத்தமில்லாமல் கார்டை ஆற வைத்து, எடுத்து வந்து மாட்டிவிட்டு, ஒன்றும் தெரியாதவர் போல நிற்கிறார், எவ்வளவு பெரிய மனசு என்று நினைத்துக்கொண்டேன். "மாஸ்டர், எல்லாம் உங்க கைராசி" என்றேன். "நான் என்னங்க செஞ்சேன், எல்லாம் நீங்கதான்" என்றார். இல்லை நீங்கள்தான், இல்லை நீங்கள்தான் என்று இரண்டு பேரும் மாறி மாறிச் சொல்லிக்கொண்டிருந்தோம். உங்கள் அத்தை மட்டும், "ஏங்க, அந்தத் திரை ஒயர் முன்ன இருந்த ஓட்டையக் காணோம். மேல தள்ளி அதே மாதிரி ஒண்ணு இருந்துச்சு, அதுல சொருகினேன், சரிதானே?" என்று கேட்டாள். நான் அவளுக்கு விளக்கினேன். சூடு பட்டால் எந்தப் பொருளும் கொஞ்சம் எழும்பும், ரொட்டிக்கே அப்படித்தான், ஓட்டையும் அதோடு சேர்ந்து மேலே போயிருக்கும் என்றேன். மாஸ்டரும் ஆமோதித்தார்.

அதன் பிறகும் ஒரு சின்னச் சங்கடம் இருந்தது. சின்னவள் வரைந்ததையெல்லாம் சேர்த்து முழுப் படமாக கம்ப்யூட்டர் வெளியே எடுத்துக் கொடுக்க வேண்டுமாம். "நீ மாவை உள்ள வச்சு ரொட்டியா எடுக்கற மாதிரிப்பா" என்று எனக்குப் புரியும்படி சொன்னாள். முன்பு சட்டென்று முடிகிற வேலை, இப்போது நத்தை மாதிரி நகர்கிறது என்று பதறினாள். சாவிலிருந்து எழுந்து வந்தவனை உடனே ஓடு என்றால் ஓடுவானா, மெதுவாகத்தான் நடப்பான், நீ சுமையைக் குறை என்றேன். அவள் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள். பிறகு படத்திலிருந்து மழையை எடுத்தாள். கண்ணாடிக் கதவில் தெரிந்த நிழல்களை எடுத்தாள். ரொட்டியின் பளபளப்பை எடுத்தாள், அதில் எனக்கு வருத்தம்தான். நாய்க்கு ஒவ்வொரு மயிராகப் போட்டிருந்ததை எடுத்துவிட்டு மூன்று நான்கு கோடுகளில் ஒரு நாயை நிறுத்தினாள். வெறும் கோடும் கொட்டாவியுமாக மிஞ்சியது. வெள்ளிக்கிழமை மத்தியானம் படம் முழுதாக வெளியே வந்தது, அனுப்பிவிட்டாள். நாங்கள் எல்லோரும் நின்றபடியே பார்த்தோம். பார்த்துக்கொண்டிருக்கும்போதே மாஸ்டருக்குக் கொட்டாவி வந்தது, அவரிடமிருந்து உங்கள் அத்தைக்கு, உங்கள் அத்தையிடமிருந்து எனக்கு. சின்னவள் எங்கள் வாய்களைப் பார்த்துக் கைதட்டிச் சிரித்தாள். கடைசியில் அந்தக் கொட்டாவி ஊர் சுற்றிவிட்டு வந்து தொந்திக்காரர் வாய்க்குள் புகுந்து படுத்துக்கொள்கிற இடத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. கொட்டாவி விட்டால் கண்ணில் நீர் வரும் என்று சமாளித்தேன்.

நேற்று பதில் வந்துவிட்டது மாப்பிள்ளை. எடுத்துக்கொண்டார்கள்! அடுத்த மாதம் வேலையில் சேர வேண்டும். இத்தனை குறைவான கோடுகளில் இத்தனை தூக்கத்தை யாரும் கொண்டுவந்ததில்லை, எங்கள் ஆபீஸில் பார்த்தவர்கள் எல்லோரும் கொட்டாவி விட்டார்கள் என்று எழுதியிருக்கிறார்கள். நான் இன்று காலையிலிருந்து கடைக்கு வருகிறவர்களிடம் கேட்காமலேயே சொல்லிக்கொண்டிருக்கிறேன். அதில் கார்டு வெந்த கதையும் சேர்ந்து பரவிவிட்டது. தையல்காரர் பாடாத ரேடியோவைக் கொண்டுவருகிறேன் என்றிருக்கிறார். ரிட்டையரான தலைமையாசிரியர் தன் காது மெஷினைக் கழற்றி நீட்டினார். அதைக் கழற்றிவிட்டதால் நான் சொன்ன பதில் அவருக்குக் கேட்கவில்லை. இஸ்திரி போடுபவர் சூடாகாத இஸ்திரிப் பெட்டியை ஓவனில் வைக்கலாமா என்று கேட்டார், அது எனக்கே கொஞ்சம் வேடிக்கையாகப் பட்டது. கடை போர்டில் ரொட்டி, பன், கேக் என்பதற்குக் கீழே கொஞ்சம் இடம் இருக்கிறது. என்ன எழுதலாம் என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். உங்கள் ஆபீஸில் செத்த கார்டுகள் இருந்தால் தயங்காமல் அனுப்பி வையுங்கள், உங்களுக்குச் செய்யாமல் யாருக்குச் செய்யப்போகிறேன். பெரிய படிப்புப் படித்தவர்கள் கைவிட்டதை நாங்கள் ஒரு பிஸ்கட் பதத்தில் சரி செய்துவிட்டோம் என்பதைத் தங்கள் நண்பர்களிடமும் தெரிவிக்கவும். உறைச் சட்டையை உங்கள் அத்தை பிரித்து இரண்டு தலையணைக்குப் போட்டுவிட்டாள், இனி அந்தப் பயம் வேண்டாம்.

இருவரும் நோய்நொடி இல்லாமல், கையில் எடுத்த காரியம் எல்லாம் நல்ல பதத்தில் இறங்க வேண்டும் என்று நாங்கள் மனதார ஆசி சொல்கிறோம். பெரியவளை வாரம் ஒருமுறையாவது அம்மாவிடம் அரைமணி நேரம் பேசச் சொல்லவும், இல்லையென்றால் அந்த அரைமணியும் எனக்கு வந்து சேர்கிறது. மாஸ்டர் உங்களுக்கு வணக்கம் சொல்லச் சொன்னார்.

என்றும் உங்கள் மரியாதைக்குரிய உறவில்,
மாமனார்

பின்குறிப்பு: மேலே உள்ளதை உறையில் போட்டுவிட்டேன், ஒட்டவில்லை, நல்லவேளை. இப்போதுதான் தையல்காரர் ரேடியோவைத் தூக்கிக்கொண்டு வந்தார். அதை வைப்பதற்காகப் பின்கட்டில் பழைய ஓவனைத் திறந்தேன். உள்ளே ட்ரேயில் உங்கள் கார்டு உட்கார்ந்திருக்கிறது. எந்த இடத்தில் வைத்தோமோ அதே இடத்தில், அதே வாக்கில். "மாஸ்டர், நீங்க இதை மாட்டலையா?" என்றேன். "நீங்க எடுத்துட்டீங்கன்னு நெனச்சேன், நீங்கதானே தொடக்கூடாதுன்னீங்க?" என்றார். உங்கள் அத்தையைக் கூப்பிட்டுக் கேட்டால், "நான் மூடறப்ப அந்த இடம் காலியாத்தான் இருந்துச்சு. காலியா இருக்கறதுதானே சுத்தம்?" என்கிறாள். விசிறி போட்ட பிஸ்கட் டப்பாவும் அவள் ஏற்றி வைத்த பரணிலேயே இருக்கிறது. கம்ப்யூட்டர் கடைக்காரருக்கு ஆள் அனுப்பினேன். அவர் வந்து கார்டை விசிறியோடு பெட்டியில் மாட்டினார், திரை கறுத்தது. கழற்றினார், வெளிச்சம் வந்தது. மறுபடி மாட்டச் சொன்னேன், மறுபடி கறுத்தது. "இந்தப் பெட்டிக்குச் சொந்தமாவே கொஞ்சம் படம் காட்டத் தெரியும் சார். செத்த கார்டை எடுத்துட்டு, ஒயரை மேல இருக்கிற ஓட்டையில மாட்டுங்க, மெதுவா ஓடும், ஆனா ஓடும்னு சொல்ல வந்தேன். நீங்க ஓவன்னு கேட்டதும் போனை வச்சிட்டீங்க. அப்புறம் சார், ஓட்டை எதுவும் எழும்பல, அது வேற ஓட்டை" என்றார். அவருக்கு இன்று பன்னில் வெண்ணெய் கொஞ்சம் குறைவாகத்தான் வைத்தேன். ஆகவே மேலே எழுதியதில், நலம் விசாரித்ததும் ஈரத்துணியைத் தடுத்ததும் தவிர மற்றதை அடித்துவிட்டுப் படிக்கவும். புதிதாக எழுதலாம் என்றால், இத்தனை சந்தோஷமாக இன்னொரு தடவை எனக்கு எழுத வராது. தையல்காரர் ரேடியோவை மார்போடு அணைத்துக்கொண்டு போய்விட்டார்.

சின்னவளிடம் எப்படிச் சொல்வது என்று தயங்கித் தயங்கித்தான் சொன்னேன். அவள் கார்டை வாங்கிப் பார்த்தாள், முட்டை பூசிய ஓரத்தைத் தடவிப் பார்த்தாள். "அப்ப இது இல்லாமயேவாப்பா நான் முடிச்சேன்?" என்றாள். ஆமாம்மா, நீயேதான், யாரும் ஒரு மண்ணும் செய்யவில்லை என்றேன். அவள் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது மாப்பிள்ளை, நான் முன்பு சொன்னேனே எனக்குப் பிடிக்காத சிரிப்பு, அதற்கு நேர் எதிரானது. என் ஓவனுக்குக் கிடைத்த பேர் போனதில் எனக்கு வருத்தமே இல்லை. கொஞ்சம் இருக்கிறது, சாயங்காலத்துக்குள் சரியாகிவிடும். "உயிர் வரலைன்னாலும் நிறம் நல்லா வந்திருக்குங்க" என்று மாஸ்டர் என்னைத் தேற்றுகிறார்.

உங்கள் பொருள் உங்களிடமே வந்து சேர வேண்டும் என்பதால், கார்டையும் விசிறியையும் ஸ்க்ரூக்களையும் பட்டர் பேப்பரிலும் பாலிதீனிலும் தனியாகச் சுற்றி அந்தப் பிஸ்கட் டப்பாவிலேயே வைத்து இத்துடன் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். இடம் மிஞ்சியதால் பெரியவளுக்குப் பிடித்த வெண்ணெய் பிஸ்கட்டைத் தனிப் பையில் போட்டு மேலே அடுக்கியிருக்கிறாள் உங்கள் அத்தை. இரண்டும் ஏறக்குறைய ஒரே நிறத்தில் இருக்கும். கீழ் அடுக்கைச் சாப்பிட வேண்டாம்.